ஏறியவர், இறங்கியவர்

ஜூலை 2, புதன்

எனக்கு நாட்குறிப்பு எழுதிப் பழக்கமில்லை. எழுதுகிற அளவுக்கு நம்மிடம் என்ன இருக்கிறது என்ற கூச்சம்தான். எங்கள் வீட்டில் முதலில் காலேஜ் போனவள் நான். அதனால் தெருவில் எல்லோருக்கும் விண்ணப்பம் நிரப்பித் தருவேன், மனு எழுதித் தருவேன். அதெல்லாம் அடுத்தவர் விஷயம். சொந்த வீட்டு விஷயத்தை இப்படித் தாளில் வைப்பதற்கு யாராவது என்னை மன்னிக்க வேண்டும். டாக்டர் சொன்னதால் எழுதுகிறேன்.

இன்று பெரியாஸ்பத்திரிக்கு என் வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு போனேன். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். நரம்பு டாக்டர் பெயர் ஹெப்சிபா. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு இவர் முகத்தைப் பார்த்துத்தான் பேசினார். போன தை மாதம் காட்டிய தனியார் டாக்டர் ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. "நாப்பத்திமூணு வயசுல என்ன மறதி? டென்ஷன். குடிப்பாரா?" என்று என்னிடம் கேட்டுவிட்டுத் தூக்க மாத்திரை எழுதினார்.

"இன்னைக்கு என்ன கிழமை சார்?" என்று ஹெப்சிபா டாக்டர் கேட்டார்.

"ஏன் டாக்டர், உங்களுக்கும் மறந்துபோச்சா?"

டாக்டர் நன்றாகச் சிரித்தார். சிரித்து முடித்தும் காத்திருந்தார். இவர் என்னைப் பார்த்தார். நான் சொல்லக் கூடாது என்று டாக்டர் கையால் காட்டினார். மூன்று பொருள்களின் பெயரைச் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பக் கேட்டார். ஒன்றுதான் வந்தது. கடிகாரம் வரையச் சொன்னார். இவர் வட்டத்தை அழகாகப் போட்டார். எண்கள் எல்லாம் ஒரே பக்கம் போய்க் குவிந்துவிட்டன. அதைப் பார்த்ததும் இவருக்கு வியர்த்தது. டாக்டர் தாளை மெதுவாகத் திருப்பிவைத்து, "விடுங்க சார், இன்னைக்குக் கை வரல. அவ்வளவுதான்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு நான் அவர் காலில் விழுந்திருப்பேன்.

ஸ்கேனில் ஞாபகத்துக்கான இடம் சுருங்க ஆரம்பித்திருப்பதுபோல் தெரிகிறதாம். டிமென்ஷியா. பெரும்பாலும் வயதானவர்களுக்கு வருவது, சிலருக்கு இவ்வளவு சீக்கிரமே வந்துவிடுகிறதாம். ரத்தப் பரிசோதனை முடிவுகள் வந்ததும் முப்பதாம் தேதி பேசலாம் என்றார்.

"நீங்க ஒண்ணுமே பேசலியேம்மா."

வெளியாளிடம் எனக்குப் பேச்சு வராது. எப்போதும் அப்படித்தான்.

"பேச வரலன்னா எழுதிட்டு வாங்க. வீட்ல தினம் என்ன நடக்குதுன்னு. அது ஸ்கேனைவிட எனக்கு உதவும்."

கடைசியாக, இவருக்கு என்ன வேலை என்று கேட்டார். "கரண்ட் ஆபீஸ்" என்றார் இவர். "ஆபீஸ் வேலைதானே? போய்ட்டு வரட்டும். வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கிடக்கறது நல்லதில்ல" என்று டாக்டர் சீட்டில் குறித்துக்கொண்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது.

ஜூலை 3, வியாழன்

இந்த நோட்டில் எல்லாவற்றையும் எழுதுவேன். டாக்டருக்குத் தேவையானதை மட்டும் தனித் தாளில் நல்லதாக எழுதி எடுத்துப் போவேன். அப்படி நினைத்துக்கொண்டால்தான் கை ஓடுகிறது.

டாக்டருக்கான தாளில் இன்று எழுதியது: காலையில் மோட்டார் சுவிட்சைப் போட்டுவிட்டு மறந்தார். தொட்டி வழிந்தது. பல் தேய்த்தாரா என்று இரண்டு முறை கேட்டார், என்னிடம்.

அதில் எழுதாதது: எட்டு மணிக்கு வேலைக்குப் போனார். பையில் கையுறை, இடுப்பு பெல்ட், கட்டிங் பிளேயர், கயிறு எல்லாம் இருக்கிறதா என்று நான் பார்த்து அனுப்பினேன். அவர் வயர்மேன். பதினேழு வருடமாகக் கம்பம் ஏறுகிறார். ஆபீஸுக்குள் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

பெரிய லைனில் கை வைக்குமுன் சப் ஸ்டேஷனுக்குப் போன் செய்து எல்.சி., அதாவது லைன் கிளியர், வாங்க வேண்டும். வாங்கியவர் பெயரை எழுதிக்கொண்டு அங்கே கரண்ட்டை நிறுத்துவார்கள். வேலை முடிந்ததும் வாங்கியவரே போன் செய்து எல்.சி.யைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். 'ஆளெல்லாம் இறங்கியாச்சு' என்று அவர் சொன்னால்தான் கரண்ட் விடுவார்கள். வேறு யார் சொன்னாலும் செல்லாது. எல்.சி. வயர்மேன் பெயரில்தான் கிடைக்கும். கூட வேலை செய்கிற ஆறுமுகநயினாருக்கு நாற்பது வயதாகிறது, ஆனால் பதவி ஹெல்பர். அதனால் எல்.சி. எப்போதும் இசக்கிராஜன், அதாவது இவர் பெயரில்.

மார்ச் மாதம் ஒருநாள், மேலே எத்தனை பேர் என்று இவருக்குக் குழப்பம் வந்துவிட்டது. நயினார்தான் என்னிடம் வந்து சொன்னார். நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். தினமும் ஒரு துண்டுச் சீட்டு, சட்டைப் பையில். ஏறுகிறவர் பெயரை எழுத வேண்டும். அவர் இறங்கியதும் பெயரைக் கோடு போட்டு அடிக்க வேண்டும். எல்லாப் பெயரும் அடித்திருந்தால்தான் சப் ஸ்டேஷனுக்குப் போன்.

"படிச்சவங்க படிச்சவங்கதான் மதினி" என்றார் நயினார். இரண்டு நாள் எனக்குப் பெருமையாக இருந்தது.

ஜூலை 5, சனி

ரேஷன் கடை. பாமாயில் வரவில்லை. அவர் நன்றாக இருக்கிறார்.

ஜூலை 7, திங்கள்

மதியம் நயினார் போன் செய்தார். "பயப்படாதீங்க மதினி. அண்ணாச்சிய நம்ம செக்கடி டிரான்ஸ்பார்மருக்கு வரச் சொன்னேன். பெட்ரோல் பங்க் பக்கத்துல நின்னுக்கிட்டு, செக்கடி எங்க இருக்குன்னு போன்ல கேக்காரு. போய்க் கூட்டிட்டு வந்துட்டேன்."

அந்த டிரான்ஸ்பார்மரை ஒன்பது வருடம் முன்பு வைத்தவரே இவர்தான். புதுக் கல்யாணத்தில் என்னைச் சைக்கிளில் உட்காரவைத்துக் கூட்டிப்போய், தாஜ்மஹாலைக் காட்டுகிற மாதிரி காட்டினார்.

சாயங்காலம் ஒன்றும் நடக்காததுபோல் வந்தார். டீ கொடுத்தேன். "என்னட்டி, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு? எவனாவது மனு எழுதச் சொல்லி உயிர வாங்குதானா?"

"இல்லங்க."

"நயினார் போன் பண்ணினானா?"

"இல்லயே."

அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே டீயைக் குடித்தார். பொய்யைக் கண்டுபிடிக்கிற திறமை இன்னும் அவரிடம் போகவில்லை.

ஜூலை 9, புதன்

சாரல் தொடங்கிவிட்டது. மலைப்பக்கம் ஒரே மூட்டம். துணி வீட்டுக்குள் கொடி கட்டிக் காயப்போட வேண்டியிருக்கிறது. காற்று அடித்தால் தென்னமட்டை லைனில் விழும், இவருக்கு வேலை கூடும். முன்பெல்லாம் சாரல் என்றால் எனக்குப் பிடிக்கும்.

ஜூலை 12, சனி

மாட்டிக்கொண்டேன். டாக்டருக்கான தாளை விண்ணப்பக் கட்டுக்குள் வைத்திருந்தேன். பக்கத்து வீட்டுக்காரருக்கு முதியோர் உதவித்தொகை மனு எடுக்கும்போது கீழே விழுந்திருக்கிறது. இவர் எடுத்துச் சத்தமாகப் படித்தார்.

"'ஆறாம் தேதி: சாவியைத் தேடினார். சாவி கையில் இருந்தது.' 'எட்டாம் தேதி: என் அப்பா சாப்பிட்டுவிட்டாரா என்று கேட்டார். என் அப்பா இறந்து நான்கு வருடம் ஆகிறது.' நல்லா இருக்குட்டி. கையெழுத்து முத்து முத்தா இருக்கு. என் மேல புகார் மனு யாருக்கு எழுதுத, கலெக்டருக்கா?"

"டாக்டர் கேட்டாங்கங்க."

"ஆபீஸ்ல நடந்தது எதுவும் எழுதலியே?"

"இல்ல."

தாளை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். பிறகு கீழே உட்கார்ந்துவிட்டார். "கனி, இங்க வா" என்று கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தார். என் கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டார்.

"ஆபீஸ்ல ஒருத்தனுக்கும் தெரியக் கூடாது. டாக்டருக்கும் நான் மேல ஏறுதேன்னு தெரியக் கூடாது. தெரிஞ்சா அன்னைக்கே என்ன ஒரு மூலைல உக்கார வச்சுருவாங்க. பைத்தியம்னு சொல்லுவானுங்க. கீழ நிக்கும்போதுதான் எனக்கு எல்லாம் கொழம்புது. கம்பத்துல ஏறிட்டேன்னா கை தானா வேல செய்யுது. அங்க எனக்கு ஒண்ணும் மறக்கல. சத்தியம் பண்ணு."

அவர் சொன்னது உண்மை. நயினாரும் அப்படித்தான் சொல்கிறார். மேலே ஏறிவிட்டால் ஒரு குறையும் கிடையாதாம். கீழே நின்று எல்.சி.யைக் கையில் வைத்திருக்கும்போதுதான்.

சத்தியம் பண்ணினேன்.

ஜூலை 15, செவ்வாய்

மூன்று நாளாக வெயில் இல்லை. அவருடைய காக்கிச் சட்டை இரண்டும் ஈரம். ஒன்றை அயர்ன் பாக்ஸ் வைத்துத் தேய்த்தே காயவைத்தேன்.

ஜூலை 16, புதன்

நேற்றைப் போலத்தான். மோர்க்குழம்பு. இரண்டாவது சட்டையில் பூஞ்சை வாடை வந்துவிட்டது, மறுபடி அலசிப் போட்டேன். காயவில்லை.

ஜூலை 17, வியாழன்

இன்று எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 18, வெள்ளி

சாப்பிட்டார். வேலைக்குப் போகவில்லை, லீவு. டிவி பார்த்தார். ஆடி வெள்ளி என்பதால் அம்மன் கோயிலுக்குப் போய்வந்தேன். கூழ் ஊற்றினார்கள். வாங்கிக்கொள்ளாமல் வந்துவிட்டேன்.

ஜூலை 20, ஞாயிறு

மதியம் இவர் படுத்திருந்தபோது நயினார் வந்தார். எப்போதும் வாசலில் நின்றே "மதினி, காப்பி உண்டா, இல்ல அண்ணாச்சி குடிச்சு முடிச்சாச்சா?" என்று சத்தம் போடுகிறவர், இன்று சத்தமில்லாமல் வந்து அடுக்களை வாசலில் நின்றார். இடது கையில் கட்டு. கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்களில் தோல் கறுத்து உரிந்திருந்தது.

"அண்ணாச்சி என்ன சொன்னாரு, மதினி?"

"ஒண்ணும் சொல்லல அண்ணே. நீங்க விழுந்துட்டீங்கன்னு மட்டும் சொன்னாங்க."

"விழல. பெல்ட்டு புடிச்சுக்கிச்சு."

நான் தண்ணீர் கொடுத்தேன். ஒரு கையால் வாங்கி, குடிக்காமல் திட்டின்மேல் வைத்தார்.

"வியாழக்கிழமை தோப்புக்குள்ள மட்ட விழுந்து கம்பி அறுந்துபோச்சு. அண்ணாச்சி எல்.சி. வாங்கினாரு. சீட்டுல எம்பேர எழுதுனத நானே பாத்தேன். நான் தோப்புக்குள்ள நாலாவது கம்பத்துல ஏறிட்டேன். ரோட்டுலருந்து பாத்தா அந்தக் கம்பம் தெரியாது. கம்பி கட்டிக்கிட்டு இருக்கும்போது எர்த் ராடுல தீ பறந்துச்சு. வெடி போட்ட மாதிரி சத்தம். நான் தலகீழாத் தொங்குதேன்."

வேலை தொடங்குமுன் லைனை மண்ணோடு சேர்த்துக் கட்டுகிற கம்பிக்கு எர்த் ராடு என்று பெயர். தவறிக் கரண்ட் வந்தால் அது மண்ணுக்குள் போய்விடும். நயினார் அதைப் போட்டிருந்ததால் சப் ஸ்டேஷனில் உடனே டிரிப் ஆகிக் கரண்ட் நின்றுவிட்டது. போட்டிருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் சொல்லவில்லை.

"எறங்கி வந்தா, அண்ணாச்சி டீக்கடைல போன கைல வச்சுக்கிட்டு நிக்காரு. 'எல்லாரும் எறங்கியாச்சேன்னு எல்.சி.யக் குடுத்தேன், நீ எங்கலே போயிருந்த?'ன்னு என்னயக் கேக்காரு. சீட்ட எடுத்துக் காட்டுதாரு. எம்பேரு அடிச்சிருக்கு. எனக்குத் தல சுத்திப்போச்சு மதினி. நான் மேல இருக்கும்போது எம்பேர யாரு அடிச்சா?"

எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை காலையிலேயே தெரியும். சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையில் இரண்டு சீட்டுகள் இருந்தன.

ஒவ்வொரு நாளும் சட்டை மாறும். பழைய சட்டையைத் துவைக்கப் போடும்போது பழைய சீட்டை எடுத்துவிடுவேன். புதுச் சட்டையில் புதுச் சீட்டு வைப்பேன். பதினாறாம் தேதி அலசிப் போட்ட சட்டை காயவில்லை. அதனால் பதினேழாம் தேதி முதல் நாள் சட்டையையே போட்டுக்கொண்டு போனார். நான் புதுச் சீட்டை வைத்தேன். பழையதை எடுக்கவில்லை. முதல் நாளும் நயினார்தான் ஏறியிருக்கிறார். அவர் பெயர் எழுதி, அடித்து, ஒழுங்காக இருந்தது. இவர் பைக்குள் கையை விட்டபோது அந்தச் சீட்டு வந்திருக்கிறது. பார்த்தார், அடித்திருந்தது, போன் செய்தார். நான் சொல்லிக்கொடுத்ததில் ஒன்றைக்கூட அவர் மறக்கவில்லை.

இதை நயினாரிடம் சொன்னேன். இவ்வளவு நீளமாக வெளியாளிடம் நான் பேசியதே இல்லை. அவர் கேட்டுவிட்டு, கட்டுப் போட்ட கையை இன்னொரு கையால் தாங்கிக்கொண்டு நின்றார்.

"ஏ.இ.கிட்ட மட்டை மறுபடி விழுந்து லைன் ஒண்ணோட ஒண்ணு உரசிருச்சுன்னு சொல்லிட்டேன்" என்றார். ஏ.இ. அவர்கள் ஆபீஸ் இன்ஜினியர். "சப் ஸ்டேஷன்காரரும் எழுதாம விட்டுட்டாரு. வீட்டுல எம்பொண்டாட்டிட்ட டீ கொட்டிருச்சுன்னு சொல்லிருக்கேன். அவ நம்பல."

"அண்ணே, உங்க காலப் புடிச்சு..."

"அதெல்லாம் வேண்டாம் மதினி. அண்ணாச்சிதான் என்ன வேலைக்குச் சேத்துவிட்டாரு. அவரு மேல எனக்குக் கோவம் வரமாட்டேங்கு. வந்தாக்கூட நல்லாருக்கும்." குரலைத் தாழ்த்தினார். "ஆனா பொய்ய ஒருதடவதான் சொல்ல முடியும். மாசக் கடைசில முழு நாள் ஷட் டவுன் வருது. ஆறு பேரு மேல இருப்போம். எல்.சி. அண்ணாச்சி பேருல. நீங்கதான் என்னமாவது செய்யணும்."

உள்ளே கட்டில் சத்தம் கேட்டது. இவர் எழுந்து வந்து கதவில் சாய்ந்தார். "ஏலே நயினாரு, எப்ப வந்த? காப்பி குடிச்சியா, இல்ல என் பொண்டாட்டி வழக்கம்போல கத பேசி அனுப்பப் பாக்காளா?"

இருவரும் சிரித்தார்கள். நான் பால் பாத்திரத்தை அடுப்பில் வைத்தேன்.

ஜூலை 22, செவ்வாய்

சீட்டு முறையை மாற்றலாமா என்று யோசித்தேன். தேதி போட்ட சீட்டு. கலர் சீட்டு. தாளில் கோடு போட்டும் பார்த்தேன். பிறகு எல்லாவற்றையும் கிழித்துப் போட்டேன். நான் இன்னும் புத்திசாலித்தனமாகச் செய்தால் இன்னும் ஒரு மாதம் யாருக்கும் தெரியாமல் போகும், அவ்வளவுதான்.

ஜூலை 23, புதன்

செக்‌ஷன் ஆபீஸுக்குப் போனேன். ஏ.இ.யிடம் நேரில் சொல்லிவிடுவது என்று வீட்டிலிருந்தே வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு போனேன். ஏ.இ. நல்ல மனிதர். "வாங்கம்மா, இசக்கிக்கு உடம்புக்கு எப்படி இருக்கு?" என்று அவரே கேட்டார். "நல்லா இருக்காங்க சார்" என்றேன். பிறகு வாய் வரவில்லை. அங்கே புது இணைப்புக்கு வந்த ஒரு பெரியவர் விண்ணப்பத்தில் எந்தக் கட்டத்தில் எதை எழுதுவது என்று தெரியாமல் நின்றார். அவருக்கு நிரப்பிக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

சத்தியம் பண்ணியதால் சொல்லவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சத்தியம் இல்லாவிட்டாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

ஜூலை 25, வெள்ளி

பேப்பரில் போட்டுவிட்டார்கள். மாதாந்திரப் பராமரிப்புப் பணி, செவ்வாய்க்கிழமை 29ஆம் தேதி காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை மின்தடை. கீழே எங்கள் ஊர் பெயரும் பக்கத்து ஊர்களும்.

டாக்டர் வரச் சொன்னது முப்பதாம் தேதி. மின்தடைக்கு ஒரு நாள் பிந்தி.

ஆஸ்பத்திரி நம்பருக்கு மூன்று முறை அடித்தேன். முதல் முறை யாரும் எடுக்கவில்லை. இரண்டாவது முறை எடுத்து "சொல்லுங்க" என்றார்கள், நான் சொல்வதற்குள் வைத்துவிட்டார்கள். மூன்றாவது முறை அவர்கள் எடுத்ததும் நானே வைத்துவிட்டேன்.

ஜூலை 27, ஞாயிறு

காலையில் பெல்ட்டை எடுத்து எண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். செவ்வாய்க்கிழமைக்கான தயாரிப்பு. நல்ல உற்சாகம். ஒவ்வொரு கம்பமாகச் சொல்லிக்கொண்டே வந்தார், எதில் இன்சுலேட்டர் விரிசல், எதில் கொடி படர்ந்திருக்கிறது என்று. ஒன்றுகூடத் தவறில்லை. கேட்டுக்கொண்டே இருந்தபோது, எல்லாம் என் கற்பனை, இவருக்கு ஒன்றுமில்லை என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன்.

பத்து மணிக்கு நயினார் வந்தார். கட்டைப் பிரித்திருந்தார். உள்ளங்கை முழுக்கப் புதுத் தோல், இளஞ்சிவப்பாக.

இவர் அந்தக் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "எலேய், என்னலே ஆச்சு கைக்கு?"

நயினார் என்னைப் பார்த்தார். "சுட்டுருச்சு அண்ணாச்சி."

"எப்படிலே?"

"லைன்ல."

"எவம்லே எல்.சி. வாங்கினது?" இவர் முகம் சிவந்துவிட்டது. நிஜமான கோபம். "மேல ஆளு இருக்கும்போது கரண்ட்ட விட்டானா? எந்த மடப்பய அவன்? ஏ.இ.கிட்ட சொன்னியா இல்லியா? இதெல்லாம் சும்மா விடக் கூடாதுலே. உனக்கு ஒண்ணு ஆயிருந்தா உன் பொண்டாட்டி பிள்ளைக்கு எவன் பதில் சொல்லுவான்?"

"சரி அண்ணாச்சி."

"பேரச் சொல்லு. நான் கேக்கேன்."

நயினார் சிரிக்கிற மாதிரி வாயை வைத்துக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் நிரம்பிவிட்டது. இவர் அதைப் பார்த்துவிட்டு, அவர் தோளைத் தட்டி, "அழாதலே. நான் இருக்கும்போது உனக்கு என்ன?" என்றார்.

நான் கொல்லைப்பக்கம் போய்த் தண்ணீர்த் தொட்டி ஓரமாக நின்றேன். நயினார் கிளம்பும்போது அங்கே வந்தார். "நாளைக்கு நான் அவரு கூடவே இருப்பேன் மதினி. கீழ வேலதான். மேல ஏறவேண்டியது ஒண்ணும் கிடையாது. செவ்வாய்க்கிழமைக்கு என்னால முடியாது. நானும் மேலதான் இருப்பேன்" என்றார்.

ஜூலை 28, திங்கள்

பெரியாஸ்பத்திரி, இரண்டாம் மாடி, வார்டுக்கு வெளியே பெஞ்சு. காலை பத்து நாற்பது.

இவரிடம் சித்தி வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு ஆறு மணி பஸ்ஸில் வந்தேன். ஓ.பி.யில் "ஹெப்சிபா மேடம் இன்னைக்குப் பாக்க மாட்டாங்க, புதன்கிழமை வாங்க" என்றார்கள். படியிறங்கிக் கீழ்வாசல்வரை போய்விட்டேன். அங்கிருந்து திரும்பி ஏறினேன். வார்டு வாசலில் இருந்த சிஸ்டரிடம், "மேடத்தப் பாக்கணும். இன்னைக்கே பாக்கணும். பாக்காம நான் போகமாட்டேன்" என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. சிஸ்டர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ரவுண்ட்ஸ் முடியப் பதினொண்ணேகால் ஆகும். இங்கயே உக்காரு. சாப்டியா?" என்று கேட்டார். சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன். ஒரு பன்னை எடுத்துவந்து மடியில் வைத்துவிட்டுப் போனார்.

டாக்டர் அம்மா, உங்களுக்காகத் தனித் தாளில் எழுதியதை எடுத்து வரவில்லை. அதில் சாவி, மோட்டார், பல் தேய்ப்பது எல்லாம் இருக்கிறது. உண்மை இந்த நோட்டில் இருக்கிறது. எண்ணெய்க் கறையும் அடித்தல் திருத்தலுமாக இருப்பதற்கு மன்னிக்க வேண்டும். வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் நின்றுவிடுவேன். அதனால் உங்கள் கையில் கொடுக்கிறேன். பதினேழாம் தேதிப் பக்கத்தில் ஒன்றுமில்லை என்று எழுதியிருக்கிறேன். இருபதாம் தேதிப் பக்கத்தைப் படியுங்கள்.

இரண்டாம் தேதி நீங்கள் 'ஆபீஸ் வேலை' என்று எழுதியபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். அது தவறு என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். சொல்லவில்லை. பிறகு அவர் என்னிடம் சத்தியம் வாங்கினார். அதற்குப் பத்து நாள் முன்பே நான் மறைக்கத் தொடங்கிவிட்டேன்.

அவர் கம்பம் ஏறக் கூடாது, எல்.சி. வாங்கக் கூடாது, தரையில் வேறு வேலை கொடுக்க வேண்டும் என்று இன்றே எழுதித் தாருங்கள். கையெழுத்தும் சீலும் இருந்தால் போதும். ஐந்து மணிக்குள் ஏ.இ. மேஜையில் வைத்துவிடுவேன். நாளை காலை ஒன்பது மணிக்கு ஆறு பேர் ஏறுகிறார்கள். பதினேழாம் தேதி நடந்ததை மட்டும் அந்தக் கடிதத்தில் எழுத வேண்டாம். அது நயினாரின் வேலைக்கும் கேடாகிவிடும்.

பதினொன்று ஆகிவிட்டது. உள்ளே உங்கள் குரல் கேட்கிறது. யாரிடமோ "மெதுவா, அவசரமில்ல" என்று சொல்கிறீர்கள்.

இன்னொன்று இருக்கிறது. அதைக் கேட்கத்தான் வந்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

புதன்கிழமை அவரைக் கூட்டி வருவேன். மூலையில் உட்கார வைத்துவிட்டார்கள் என்ற கோபத்தோடு வருவார். யார் காட்டிக்கொடுத்தது என்று உங்களிடம் கேட்பார். நயினார் என்றுதான் நினைப்பார். மற்றதெல்லாம் அவருக்கு மறக்கும், இது மறக்காமல் போகலாம். நயினாரைவிட்டால் அவரை அண்ணாச்சி என்று தேடி வருகிறவர் வேறு யாருமில்லை. நோயாளி விஷயத்தை வெளியே சொல்லக் கூடாது, சொன்னவர் பெயரைச் சொல்லக் கூடாது என்றெல்லாம் உங்களுக்கு முறை இருக்கும். ஸ்கேன் பார்த்து நீங்களே முடிவு செய்ததாகச் சொல்லிவிடலாம் என்றும் உங்களுக்குத் தோன்றும். நல்ல மனதோடுதான் அப்படிச் செய்வீர்கள். தயவுசெய்து செய்ய வேண்டாம்.

'உங்கள் மனைவிதான் சொன்னாள்' என்று அவரிடம் சொல்லுங்கள். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே சொல்லுங்கள்.